கோழி வளர்த்துப் பள்ளிச் சம்பளம் கட்டிய சிறுவன்

மேற்கு ஆப்பிரிக்காவில், தங்கக் கடற்கரை என்று வெள்ளையர் பெயர் வைத்திருந்த நாட்டில், நிக்ரோபுல் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்தவர்தான் குவாமே நிக்ருமா. சனிக்கிழமை பிறக்கும் ஆண் குழந்தைக்கு அகான் மக்கள் இடும் பெயர் குவாமே. கிழமை தெரிந்தது, ஆண்டுதான் தகராறு! ஞானஸ்நானம் செய்த பாதிரியார் 1909 செப்டம்பர் 21 என்று எழுதி வைத்தார். தாயார் நியானிபாவின் கணக்கோ 1912.

தந்தை ஹாஃப் அசினி என்ற கடற்கரை ஊரில் பொற்கொல்லர். பல மனைவியர், பெரிய குடும்பம். நியானிபாவுக்கு மட்டும் குவாமே ஒரே பிள்ளை. அந்த அம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. ஆனால் மகன் படித்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

முதல் நாளே பையன் பள்ளியிலிருந்து ஓடி வந்துவிட்டான். இனிப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தான். தாயார் விடவில்லை. தினமும் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் விட்டார். சில நாட்களில் பையனுக்குப் பாடம் பிடித்துவிட்டது.

ஒரே அறை, ஒரே வாத்தியார்

அது கத்தோலிக்க மிஷன் பள்ளி. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கவேண்டும். வாத்தியார் பிரம்பை நம்பியவர். பிள்ளைகள் பழிவாங்கக் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற நாளன்று ஒருவர்கூடப் பள்ளிக்கு வரவில்லை! காலி அறையில் வாத்தியார் தனியாக நின்று இன்ஸ்பெக்டரை வரவேற்றார். மறுநாள் ஆளுக்கு 24 பிரம்படி.

மாதச் சம்பளம் 3 பென்ஸ். இது அற்பத் தொகைதான். ஆனால் அந்த ஊரில் அதுவும் பாரம். சிறுவன் கோழி வளர்த்தான். ஒரு கோழி 6 பென்ஸுக்குப் போகும். ஒன்றை விற்றால் இரண்டு மாதச் சம்பளம். மிஞ்சிய கோழிகளின் காசில் புத்தகம் வாங்கினான். ஜார்ஜ் பிஷர் என்ற ஜெர்மானியப் பாதிரியாரும் பையனின் படிப்புக்குக் கைகொடுத்தார்.

எட்டு ஆண்டு படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் மாணவ உபாத்தியாயர் வேலை கிடைத்தது. ஆள் குள்ளம். கரும்பலகையில் எழுத நாற்காலி மேல் ஏறி நிற்கவேண்டியிருந்தது! 1926-ல் அக்ராவில் ஆசிரியர் பயிற்சி. பிறகு சில ஆண்டுகள் வாத்தியார் வேலை. 1935-ல் அமெரிக்கா சென்று படித்தார். லண்டனிலும் சிலகாலம் இருந்து 1947-ல் நாடு திரும்பினார்.

சிறையிலிருந்து பதவிக்கு

1951 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே ஜெயித்தார்; விடுதலையாகி அரசாங்கத்தை நடத்தினார். மறு ஆண்டே ஆரம்பப் பள்ளிச் சம்பளம் ரத்தாயிற்று. கோழி விற்ற பையனுக்கு அந்த 3 பென்ஸ் மறக்கவில்லை போலும். பள்ளிகளில் கூட்டம் தாங்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்குப் பஞ்சம். குறை சொன்னவர்கள் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. 1957 மார்ச் 6-ல் நாடு கானா என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது. 1961-ல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் வந்தது.

ஆட்சியின் பிற்பகுதி வேறு கதை. எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார். 1964-ல் ஒரே கட்சிதான் என்றாக்கினார். 1966 பிப்ரவரியில், அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பறித்தது. கினி நாடு அடைக்கலம் தந்தது. பிறகு அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை. 1972 ஏப்ரல் 27-ல் ருமேனியாவின் புக்காரெஸ்டில் உயிர் பிரிந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் சடலம் கானாவுக்கு வந்து, நிக்ரோபுல்லில் அடக்கமாயிற்று. கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துப்போன நியானிபா அப்போதும் உயிரோடு இருந்தார்.