யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள்

பண்டைத் தமிழர் போற்றிய இசைக்கருவிகளுள் யாழே தலைசிறந்தது. பாணர் அதனைத் தோளிற் சுமந்து ஊர்தோறும் சென்றனர். புலவர் அதன் வடிவையும் ஒலியையும் வியந்து பாடினர். எனினும், காலப்போக்கில் வீணை மேலோங்க, யாழ் வழக்கொழிந்தது. மீட்டுவாரும் இலர், செய்வாரும் இலர். பெயர் மட்டும் ஏடுகளில் நின்றது. அங்ஙனம் மறைந்துபோன கருவியை மீண்டும் ஒலிக்கச் செய்த பெருமகனாரே விபுலானந்த அடிகள்.

இவர் ஈழநாட்டில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. இளமையிலேயே தமிழும் ஆங்கிலமும் வடமொழியும் கற்ற இவர், 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டமும் பெற்றார். தமிழ்ப் பண்டிதர் விஞ்ஞானம் கற்பதும், விஞ்ஞானம் கற்றவர் ஏட்டுச்சுவடியைத் தொடுவதும் அரிதாயிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் அவர் ஆசிரியப் பணி ஆற்றினார். ஊர்ப்பெயரில் யாழ் இருந்தது. ஊரிலோ யாழ் இல்லை!

துறவு நாட்டம் மிக்க இவர் 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924-இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆயினார். ஈழநாட்டில் பள்ளிகள் பல நடத்தினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை முதன்முதல் வகித்தவர் இவரே.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்கு யாழ் மீட்டிய ஆசிரியனின் திறம் கூறப்படுகிறது. அப்பகுதி சில அடிகளே ஆயினும் பொருள் விளங்குதல் எளிதன்று. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர் எண்ணிக்கை கூறிச் சென்றனர். ஆனால், எந்த நரம்பு எவ்வளவு நீளம்? எதனை எங்ஙனம் சுருதி கூட்டுவது? இவற்றை அறியாமல் யாழைச் செய்தல் இயலாது. செய்தாலும் அது காட்சிப்பொருளாகுமேயன்றி இசைக்கருவி ஆகாது.

இங்கேதான் அடிகளாரின் கணிதப் பயிற்சி பெரிதும் துணைநின்றது. ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய நரம்புகளுள், நீளம் பாதியானால் ஒலி ஒரு தானம் உயரும். நீளம் மூன்றில் இரண்டு பங்கானால், குரல் என்னும் முதற் சுரத்துக்கு இளி என்னும் ஐந்தாஞ் சுரம் பிறக்கும்; நான்கில் மூன்று பங்கானால் உழை பிறக்கும். வீணையில் ஒரு தந்தியையே மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். வில் வடிவான பழைய யாழிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு வேண்டும். ஆதலின் நரம்பின் அளவு தெரிந்தாலன்றி வளைந்த கோட்டின் அளவு தெரியாது. கோட்டின் அளவு தெரியாமல் யாழின் வடிவம் தெரியாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என முன்னோர் வகுத்த 22 அலகுகளை அவர் எண்விகிதங்களாக்கிக் கணக்கிட்டார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், தமிழிசைக்குரிய அலகு 24 என நாட்டியிருந்தார். அறிஞர் பலர் மதித்த பெருநூல் அது. அடிகளாரோ தம் கணக்கு காட்டிய வழியே சென்றார். கூத்தநூலும் இசைநூலும் பல அழிந்துபோன நிலையில், எஞ்சிய குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவர் உழைத்தது ஏறத்தாழ 14 ஆண்டு. இடையிடையே நோய் அவரை வருத்தியது. உடல் தளர்ந்தபோதும் எழுத்துப்பணி நிற்கவில்லை. நூல் முற்றுப்பெறுமுன் உயிர் பிரிந்துவிடின், அத்தனை ஆண்டுக் கணக்கும் வீணாகுமே என அன்பர்கள் அஞ்சினர்.

அவ்வச்சம் மெய்யாகவில்லை. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் யாழ்நூல் நிறைவெய்தியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளாரின் கணக்குப்படி அமைந்த முளரியாழ் முதலிய கருவிகளை அன்பர்கள் ஏந்தி ஊர்வலமாக வந்தனர். க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். நூற்றாண்டுகள் பல ஓய்ந்திருந்த யாழ் அவையோர் செவியில் ஒலித்தது. கணக்கு பொய்க்கவில்லை.

ஈழநாடு திரும்பிய அடிகளார் விரைவில் நோய்வாய்ப்பட்டு, 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே இருந்தவை ஆறு வாரங்களே. அவருடைய திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.