டானியல் பூனின் கொடிவழி

ஒருவர் புகழ் பெருகப் பெருக, அவரைச் சூழ்ந்து நின்ற சுற்றத்தார் மக்கள் கண்ணினின்றும் மறைந்துபோதல் உலகத்தியற்கை. அமெரிக்க நாட்டின் எல்லைப்புறக் காடுகளில் வழிகண்டு குடியேறியோருள் தலையாயவராகப் போற்றப்படும் டானியல் பூனுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் பெயரைக் கேட்டதும் அந்நாட்டார் உள்ளத்தில் எழுவது, மரச்செறிவின் நடுவே துப்பாக்கியும் கையுமாய்த் தன்னந்தனியே நிற்கும் ஓர் உருவமேயாம். ஆங்கிலக் கவிஞர் பைரனும் தமது ‘டொன் யுவான்’ காவியத்தில் அவரைக் கானக வாழ்வின் இன்பத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தார்.

அவருடைய கொடிவழியைத் தேடிப் பார்த்தபோது நான் கண்டது வேறு. பூன் தனியே நடந்தவர் அல்லர். அவர் பெயர்ந்த இடந்தோறும் ஒரு குடும்பமே பெயர்ந்தது. அவர் பெற்ற புகழுக்கு அக்குடும்பம் தன் மக்களை விலையாகக் கொடுத்தது. அக்குடும்பம் விரும்பிய நிலத்துக்கோ வேறு குடும்பங்கள் விலை கொடுத்தன. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அவர் வரலாறு நிரம்பாது என்பது என் துணிபு.

பூன் மரபினர் தம் வரலாற்றைப் பேணி வைத்தமை நமக்கு நற்பேறு. அம்மரபில் வந்த ஜேம்ஸ் பூன் என்பார் 1788ஆம் ஆண்டில் எழுதிய கொடிவழிக் குறிப்பு ஒன்று உண்டு. லைமன் டிரேப்பர் என்னும் ஆராய்ச்சியாளர் 1851இல் டானியலின் கடைசி மகனாகிய நேதனையும் அவர் மனைவியாரையும் நேரிற் கண்டு, அவர்கள் சொன்னவற்றையெல்லாம் எழுதிக்கொண்டார். அவ்வேடுகள் இன்றும் விஸ்கொன்சின் மாநில வரலாற்றுக் கழகத்தில் உள. 1784இல் ஜோன் பில்சன் வெளியிட்ட நூலே டானியலின் புகழைக் கடல் கடத்திற்று. ஆயினும், அந்நூலில் வேட்டைக்காரரின் வாய்மொழியைக் காட்டிலும் நூலாசிரியரின் அலங்கார நடையே மிகுதி. மனிதரைக் காண விரும்புவோர் குடும்பத்தாரின் எளிய குறிப்புகளையே நாடல் வேண்டும்.

இக்கொடியின் வேர் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் நாட்டில் இருக்கின்றது. டானியலின் பூட்டனார் கொல்லர். பாட்டனார் ஜோர்ஜ் பூன் பிராட்னிஞ்ச் என்னும் ஊரில் நெசவாளர். இவர் குவேக்கர் என வழங்கும் நண்பர் சபையைச் சார்ந்தவர். அச்சபையார் போர் செய்தலை மறுப்போர். சமய ஒழுக்கத்தில் மிக இறுக்கமுடையோர். அவர்களுக்குப் புகலிடமாக வில்லியம் பென் அமைத்த பென்சில்வேனியாவுக்கு, ஜோர்ஜ் முதலில் தம் மக்கள் மூவரை அனுப்பினார். நிலத்தின் இயல்பை அவர்கள் வாயிலாக அறிந்த பின்னர், 1717இல் மனைவியோடும் ஏனைய மக்களோடும் பிலடெல்பியாவில் வந்திறங்கினார்.

அவர் 1744இல் இறந்தபோது மக்கள் 8 பேரும் பேரப்பிள்ளைகள் 52 பேரும் பூட்டப்பிள்ளைகள் 10 பேரும் உயிரோடிருந்தனர். ஆக 70 பேர். யாக்கோபின் வீட்டாராய் எகிப்துக்குச் சென்றோர் தொகையும் இதுவே என்று கொடிவழிக் குறிப்பு மகிழ்ந்து கூறுகின்றது. எனக்கோ இந்த எழுபது என்னும் எண்ணிலேயே எல்லைப்புற வரலாறு முழுவதும் அடங்கிக் கிடப்பதாகத் தோன்றுகின்றது. இருபத்தேழு ஆண்டுகளுள் ஒரு நெசவாளரின் வீடு எழுபது பேராகப் பெருகினால், அவர்களுக்கெல்லாம் உழுநிலம் எங்கே? மேற்கே பார்ப்பதன்றி வேறு வழி இல்லை.

முன்னே அனுப்பப்பட்ட மூவருள் ஒருவரே டானியலின் தந்தையாராகிய ஸ்குவயர் பூன். இவர் நெசவும் கொல்லுத்தொழிலும் செய்தவர். வேல்ஸ் நாட்டு மரபினரான சேரா மோர்கனை 1720இல் மணந்து, ஓலிப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் குடியிருந்தார். அங்கே 1734ஆம் ஆண்டில், பதினொரு பிள்ளைகளுள் ஆறாவதாக, டானியல் பிறந்தார். அயலில் வாழ்ந்த குடும்பங்களுள் லிங்கன் குடும்பமும் ஒன்று. டானியலின் ஒன்றுவிட்ட சகோதரியான ஆன் பூன் அக்குடும்பத்து ஆபிரகாம் லிங்கன் என்பவரை மணந்தார். இவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆபிரகாம் லிங்கனின் பூட்டனாருக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர். இருவர் பெயரும் ஒன்றாதலின் மயங்கற்க.

ஓலியில் இக்குடும்பம் நிலைக்கவில்லை. மூத்த மகள் சேரா 1742இல் சபைக்குப் புறம்பான ஒருவரை மணந்தார். தந்தையார் சபையார் முன் பிழை பொறுக்குமாறு வேண்டினார். 1747இல் மகன் இஸ்ரவேலும் அவ்வாறே மணஞ்செய்தபோது, அவர் தலைவணங்க மறுத்து, மகன் பக்கமே நின்றார். 1748இல் சபை அவரை விலக்கியது. 1750இல் வீட்டை விற்று, வண்டிகளில் பொருள்களை ஏற்றி, பெருங்குடும்பத்தோடு தெற்கே சென்று, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரையை அடைந்தார். சபையின் கட்டளையா பிள்ளையின் பாசமா என்று வந்தபோது, பாசத்தைத் தேர்ந்து ஊரை இழந்தவர் அத்தந்தையார். இச்செயலைக் கண்டிருந்த டானியலுக்கு அப்போது வயது பதினைந்து. ஊரைவிட உறவு பெரிது என்னும் பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருத்தல் கூடும்.

போர் மறுக்கும் சபையிற் பிறந்த டானியல், 1755இல் ஆங்கிலத் தளபதி பிராடக்கின் படையில் வண்டியோட்டியாகச் சென்றார். மொனங்காகீலா ஆற்றருகே அப்படை சிதறியபோது, குதிரையை வண்டியினின்றும் அறுத்துவிட்டு, அதன்மேலேறி உயிர்தப்பினார். மறு ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் ரெபெக்கா பிரையன் என்னும் அயல்வீட்டுப் பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். இறந்துபோன சுற்றத்தாரின் பிள்ளைகளையும் ரெபெக்கா தம் பிள்ளைகளாக வளர்த்தார். கணவர் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், மான்தோல் தேடிக் காட்டில் அலைந்த காலமெல்லாம் உழுது விளைவித்துப் பிள்ளைகளைக் காத்தவர் இவ்வம்மையாரே. எல்லைப்புறத்தைக் குடியிருப்பாக்கியோர் யாவர் என்று என்னைக் கேட்டால், முதலில் இவர் பெயரையே சொல்வேன்.

1769இல் டானியல் கென்டக்கிக் காட்டுக்குள் நெடும்பயணம் புகுந்தபோதும் தனியராய்ப் போகவில்லை. தங்கை ஹன்னாவின் கணவர் ஜோன் ஸ்டுவர்ட் உடன்சென்றார். தம்பி ஸ்குவயர் பின்னர் உணவும் வெடிமருந்தும் சுமந்து சென்று சேர்ந்தார். ஸ்டுவர்ட் திரும்பி வரவில்லை. இக்கொடியினர் காட்டுக்குக் கொடுத்த முதற்பலி அவரே.

கென்டக்கி ஆளற்ற காடு என்று குடியேறியோர் கூறிக்கொண்டனர். ஷோனி, செரோக்கி முதலான ஆதிக்குடியினருக்கோ அது தலைமுறை தலைமுறையாக வேட்டைநிலம். தம் நிலத்தில் வெள்ளையர் குடிபுகுவதைத் தடுக்க அவர்கள் துணிந்தனர். 1773 செப்டெம்பரில் டானியல் தம் மனைவி மக்களோடும் வேறு குடும்பங்களோடும் புறப்பட்டார். அக்டோபர் 10ஆம் நாள், பிற்பட்டு வந்த சிறு கூட்டம் ஒன்று தாக்குண்டது. மூத்த மகன் ஜேம்ஸ் வதையுண்டு இறந்தான். அவனுக்கு வயது பதினாறு. அக்கொடுமையை மறைவிலிருந்து கண்டு வந்து உரைத்தவர் ஆடம் என்னும் அடிமை. குடியேற்றம் அன்று கலைந்தது.

ஆயினும் 1775இல் டானியல் மீண்டும் புறப்பட்டார். ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்னும் நிலவாணிகர் செரோக்கித் தலைவர் சிலரிடம் கென்டக்கி நிலத்தை விலைபேசி வாங்கினார். ஷோனி மக்கள் அவ்விலைக்கு உடன்பட்டவரல்லர். அவர் பொருட்டு டானியல் ஏறத்தாழ முப்பது பேரோடு மரம் வெட்டி வழி செய்து, கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ என்னும் காவலூரை அமைத்தார். மறு ஆண்டு யூலை மாதத்தில் அவர் மகள் ஜெமிமாவும் கலவே குடும்பத்துச் சிறுமியர் இருவரும் ஆற்றில் தோணியிலிருந்தபோது பிடிபட்டனர். தந்தையார் இரண்டு நாள் தடம்பற்றிச் சென்று மூவரையும் மீட்டார்.

அவர் வாழ்வில் மிகச் சிக்கலான உறவு இதன் பின்னரே நிகழ்ந்தது. 1778 பெப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போன கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய டானியல் ஷோனியரிடம் பிடிபட்டார். காவலூரில் பெண்டிர் பிள்ளைகளைக் காத்தற்பொருட்டுத் தம்மோடு வந்தவரையும் சரணடையச் செய்தார். கருமீன் என்று பொருள்படும் பெயருடைய ஷோனித் தலைவர் அவரைத் தம் மகனாக ஏற்று, பேராமை என்று பொருள்படும் ஷெல்டோவி என்னும் பெயரும் சூட்டினார். சில திங்கள் அவர் அவ்வீட்டுப் பிள்ளையாய் வாழ்ந்தார். பூன்ஸ்பரோவின்மேற் படையெடுப்பு நிகழப்போவதை அறிந்ததும், ஜூன் 16ஆம் நாள் தப்பியோடி, 160 மைல் கடந்து ஊர் சேர்ந்தார். ரெபெக்கா அவர் இறந்தாரென எண்ணிப் பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குத் திரும்பியிருந்தார். ஜெமிமா மட்டுமே தந்தைக்காகக் காத்திருந்தாள். செப்டெம்பரில் முற்றுகை நேர்ந்தபோது மதிலின் ஒருபுறம் மகனும் மறுபுறம் அவரை மகனாக ஏற்ற தந்தையும் நின்றனர். காவலூர் தப்பிற்று. பின்னர்ச் சொந்த இனத்தாரே டானியலைத் துரோகி என்று படைநீதிமன்றத்தில் நிறுத்தினர். அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டு, மேஜராகப் பதவி உயர்த்தப்பட்டார். கருமீன் தலைவரோ 1779இல் தம் ஊரைக் கென்டக்கிப் படையினர் தாக்கியபோது புண்பட்டு, அதனாலேயே மாண்டார்.

பலிகள் தொடர்ந்தன. 1780 அக்டோபரில் டானியலோடு வேட்டைக்குச் சென்ற சகோதரர் எட்வர்ட் கொல்லப்பட்டார். 1782 ஆகஸ்டு 19ஆம் நாள் புளூலிக்ஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் டானியல் குடிப்படையின் லெப்டினன்ட் கேணலாக நின்றார். படை உடைந்தபோது, ஆளற்ற குதிரை ஒன்றைப் பிடித்து, அதிலேறித் தப்புமாறு மகன் இஸ்ரவேலைப் பணித்து, தமக்கு வேறு குதிரை தேடத் திரும்பினார். அதற்குள் மகன் கழுத்திற் குண்டு பாய்ந்து வீழ்ந்தான். வயது இருபத்துமூன்று. தன் பெரிய தந்தையாரின் பெயரைத் தாங்கிய பிள்ளை அவன். அந்தப் பெயருடையவர்பொருட்டே பாட்டனார் சபையைத் துறந்தார் என்பதை வாசகர் நினைவுகூர்க.

இத்துணை கொடுத்துப் பெற்ற நிலம் அவரிடம் தங்கியதா? இல்லை. பல்லாயிரம் ஏக்கருக்கு உரிமை கோரியவர், எல்லை வரையறையின் குறைகளாலும் வழக்குகளாலும் கடனாலும் அனைத்தையும் இழந்தார். 1787இல் ஏழு அடிமைகளை உடையவராய் இருந்தமையும் மறைக்கத் தக்கதன்று. மனிதரை உயர்வு தாழ்வின்றி நோக்குவதாகக் கூறிய சபையிற் பிறந்த ஒருவர் மனிதரை விலைக்குக் கொண்டிருந்தார் என்பதையும் கொடிவழி எழுதுவோர் எழுதத்தான் வேண்டும்.

1799இல், அறுபத்துநான்கு வயதில், அவர் குடும்பத்தோடு மிசூரிக்குப் பெயர்ந்தார். அப்போது ஸ்பானியர் ஆட்சியிலிருந்த அந்நாட்டில் நிலமும் நீதிபதிப் பதவியும் பெற்றார். 1803இல் அப்பிரதேசம் அமெரிக்கர் கைப்பட்டதும் அந்நில உரிமையும் செல்லாதாயிற்று. 1814இல் அமெரிக்கப் பேரவை அதன் ஒரு பகுதியை மீள வழங்கிற்று. அதனிற் பெரும்பங்கை விற்றுப் பழைய கடன்களைத் தீர்த்தார். ரெபெக்கா அதற்கு முன்னரே, 1813 மார்ச்சு மாதத்தில், கண்மூடிவிட்டார். 1820 செப்டெம்பர் 26ஆம் நாள் டானியல் மகன் நேதனின் வீட்டில் எண்பத்தைந்து வயதில் உயிர் நீத்தார். இறக்கும்போது அவர் கண்முன் இருந்தது காடன்று; பெற்ற பிள்ளையின் வீடு.

1845இல் கென்டக்கியார் இருவர் எலும்புகளையும் தோண்டியெடுத்துத் தம் தலைநகராகிய பிராங்போட்டிற்குக் கொண்டுசென்றனர். எடுத்தது உண்மையில் அவர் எலும்பேயா என்னும் ஐயம் பின்னர் எழுந்து, இரண்டு ஊரும் இன்றுவரை அவரைத் தமக்கே உரியவர் என்கின்றன. உயிரோடிருந்தபோது ஒரு துண்டு நிலத்தையும் உறுதியாய்ப் பற்ற மாட்டாதவருக்கு, இறந்தபின் இரண்டு கல்லறைகள்.

தம் முன்னோர் இன்ன போரில் வென்றார், இத்துணை நிலம் ஆண்டார் என்று எழுதுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவ்வெழுத்து ஒருபக்கக் கணக்காகும். பூன் குடும்பத்தின் கொடிவழியை முழுமையாக எழுதினால் அதில் ஜேம்ஸும் இஸ்ரவேலும் எட்வர்டும் இருப்பர். காட்டில் மறைந்த ஸ்டுவர்ட் இருப்பார். காத்திருந்த ரெபெக்கா இருப்பார். கண்சாட்சியான ஆடம் இருப்பார். பகைவனின் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிய கருமீன் தலைவரும் இருப்பார். குருதியால் வந்த உறவை மாத்திரம் எழுதி, குருதி சிந்தியதால் வந்த உறவை விட்டுவிடுதல் வரலாற்றாசிரியருக்கு அழகன்று. மாணவர் தம் ஊரின் குடிவரலாறுகளை எழுதத் தொடங்குங்கால் இதனையும் நினைவிற் கொள்வாராக.