திவான் சேஷாத்திரி ஐயர்

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் நிலம், முன்னாளில் ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்ததாய் இருந்தது. இன்று அங்கே ஊர்திகளும் மின்பொருள்களும் செய்யும் ஆலைகள் மலிந்துள்ளன. ஓர் ஆலைக்குள் உயர் அழுத்தக் கம்பி வழியே வரும் மின்சாரம், மின்மாற்றியில் அழுத்தம் தணிந்து, தொழிலாளர் பேனல் என்று வழங்கும் இரும்புப் பேழைகளை அடைகின்றது. பேழைக்குள் தடித்த செப்புப் பட்டைகள் உள்ளன. அவற்றிலிருந்து மின்சாரம் பல கிளைகளாகப் பிரிகின்றது. கிளைதோறும் பிரேக்கர் எனப்படும் காப்புவிசை ஒன்று உண்டு. ஒரு கிளையில் பழுது நேரின் அவ்விசை தானே விழுந்து அக்கிளையை மட்டும் அறுத்துவிடும். ஏனைய கிளைகள் இடையூறின்றி இயங்கும். கணிப்பொறிகள் வரிசை வரிசையாக நின்று இரவும் பகலும் உழைக்கும் தரவு மையங்களும் இத்தகைய பேழைகளை நம்பியே நிற்கின்றன. ஒரு நொடி மின்சாரம் தவறினும் அங்கே பெருங்கேடு விளையும்.

மின்சாரத்தை உண்டாக்குதல் ஒரு பணி. அதனைத் தொலைவுக்குக் கொண்டு சென்று, வேண்டுவோர்க்கு வேண்டும் அளவில் பகிர்ந்தளித்தல் அதனினும் அரிய பணி. இந்திய நாட்டில் இவ்விரண்டாம் பணியை முதன்முதல் பெரிய அளவில் மேற்கொண்ட அரசு மைசூர் அரசு. அதற்குத் துணிந்தவர் பொறியியல் கற்றவர் அல்லர். சட்டம் பயின்ற ஒரு தமிழர். அவரே திவான் சேஷாத்திரி ஐயர்.

சேஷாத்திரி ஐயர் 1845-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலையாள மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோழிக்கோட்டில் கல்வி பயின்றபின், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1868-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் மைசூரில் உயர்ந்த பதவியில் இருந்தவர் ரங்காசார்லு என்பவர். அவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். ஸ்ரீபெரும்புதூரும் அந்நாளில் அம்மாவட்டத்தில் அடங்கியதே. இளைஞரான சேஷாத்திரி ஐயரின் அறிவுத்திறனைக் கண்ட ரங்காசார்லு, 1868-ஆம் ஆண்டிலேயே அவரை மைசூர் அரசின் ஊழியத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் படிப்படியாக உயர்ந்தார். ரங்காசார்லு 1883-இல் காலமானார். திவான் பதவி சேஷாத்திரி ஐயரை வந்தடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டுக்கூட நிரம்பவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அவர் அப்பதவியை வகித்தார். மைசூரில் மிக நெடுங்காலம் திவானாய் இருந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவர் பதவி ஏற்றபோது நாட்டின் நிலை நன்றாக இல்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தில் எண்ணிறந்த மக்கள் மாண்டனர். அரசு கடன்பட்டிருந்தது. சேஷாத்திரி ஐயர் இருப்புப் பாதைகளை நீட்டினார், ஏரிகளைச் செப்பனிட்டார், வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிக்கணிவே என்னும் இடத்தில் பேரணை ஒன்றைத் தொடங்கினார். பெங்களூர் நகருக்கு ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்ததும் அவர் காலத்தில்தான். 1898-இல் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமின்றிக் காற்றோட்டமாக அமைந்த பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய குடியிருப்புகள் அந்நாள்களில் வளர்ந்தன.

அவரைக் குறைகூறியவர்களும் உண்டு. உயர்ந்த பதவிகளிற் பலவற்றைச் சென்னை மாகாணத்தார்க்கே அளிக்கின்றார் என்று மைசூர் மக்கள் மனம் வருந்தினர். அவ்வருத்தம் முற்றிலும் காரணமற்றது என்று தள்ளிவிட இயலாது. கற்றவர்கள் சென்னையிலேயே மிகுந்திருந்தனர் என்பது உண்மைதான். ஆயினும், தம் நாட்டில் தமக்கு இடமில்லையே என்று எண்ணுவோர்க்கு அவ்விடை ஆறுதல் தாராது.

மைசூர் நாட்டின் கிழக்கெல்லையில் கோலார் தங்கவயல் இருந்தது. அரசுக்கு அது பெரிய செல்வம். எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு அரசுக்கு வந்தது. ஆனால், சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழ்ந்துகொண்டே சென்றன. ஆழ்ந்த இடத்திலிருந்து பாறையை மேலே ஏற்றவும், ஊற்றுநீரை இறைக்கவும், பாறையை இடித்துத் தூளாக்கவும் நீராவிப் பொறிகள் ஓயாது இயங்கவேண்டும். அவற்றிற்கு நிலக்கரி மிகத் தொலைவிலிருந்து வரவேண்டும். விறகுக்கோ சுற்றிலும் இருந்த காடுகள் அழிந்தன. செலவு ஏறினால் ஆழச் சுரங்கங்களை மூடவேண்டி வரும். சுரங்கம் மூடினால் அரசின் வருவாயும் குன்றும்.

இதற்கிடையே, மைசூர் நாட்டின் தெற்கே சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளையாகப் பிரிந்து பேரருவிகளாய் வீழ்ந்து வீணே ஓடிக்கொண்டிருந்தது. மைசூர் அரசில் துணைத் தலைமைப் பொறியாளராய் இருந்த ஜோலி டி லாட்பினியர் என்பார், அவ்வருவியின் ஆற்றலை மின்சாரமாக்கித் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். அமெரிக்காவில் நயாகரா அருவியின் மின்சாரம் 1896-இல் பஃபலோ நகருக்குச் சென்றது. அந்தத் தொலைவு ஏறத்தாழ 25 மைல்தான். சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலோ 92 மைல். இந்தியாவில் டார்ஜிலிங் நகரில் 1897-இல் சிறிய நீர்மின் நிலையம் ஒன்று தோன்றியிருந்தது. அஃது அவ்வூர் விளக்குகளுக்கு மட்டுமே போதுமானது.

தொலைவு மிகுந்தால் இடர் யாது? கம்பியில் மின்சாரம் ஓடும்போது ஒரு பகுதி வெப்பமாகிக் கழிந்துபோகும். ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே, ஓட்டத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தி அனுப்புதல் வேண்டும். சிவசமுத்திரத் திட்டத்தில் மின்சாரத்தை மின்மாற்றிகளால் 35,000 வோல்ட் அழுத்தத்துக்கு ஏற்றி, செப்புக் கம்பிகளில் அனுப்பி, தங்கவயலில் மீண்டும் அழுத்தத்தைத் தணித்துச் சுரங்கங்களுக்குப் பங்கிடுவது என்று முடிவாயிற்று. அந்நாளில் உலகில் இருந்த மிக நீண்ட மின்தொடர்களுள் இதுவும் ஒன்று. வழியில் எங்கேனும் கம்பி அறுந்தாலோ, மழைக்காலத்து இடி தாக்கினாலோ, சுரங்கத்தின் ஆழத்தில் ஆள் ஏற்றும் பொறிகள் நின்றுவிடும். அச்சத்துக்கு இடம் இருக்கத்தான் செய்தது.

பெரும்பணத்தை அரசின் கருவூலத்திலிருந்து எடுத்து, பலரும் கண்டறியாத ஒரு முயற்சியில் இடுவதா? முயற்சி தவறினால் பழி யாரைச் சாரும்? 1894-இல் மன்னர் சாமராஜேந்திர உடையார் இளவயதில் காலமானார். அவர் மைந்தர் சிறுவர். ஆதலால் அரசியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்நிலையில் பழியெல்லாம் திவானையே சாரும்.

இங்கேதான் சேஷாத்திரி ஐயரின் சட்ட அறிவும் ஆட்சித் திறனும் பயன்பட்டன. நெல்லை விளைத்துக் களஞ்சியத்தில் இட்டுப் பின்னர் விலை பேசலாம். மின்சாரத்தை அவ்வாறு செய்ய இயலாது. அது பிறந்த கணத்திலேயே துய்க்கப்பெறவேண்டும். ஆகவே, அருவியருகே முதல் இயந்திரம் சுழல்வதற்கு முன்னரே, சுரங்க நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. குறித்த அளவு மின்னாற்றலைக் குறித்த ஆண்டுகளுக்கு அவை பெற்றுக்கொள்ளவேண்டும். கட்டணம் தொடக்கத்தில் மிகுதியாகவும் பின்னர்க் குறைந்தும் அமையும். கொள்வோர் முன்னரே உறுதியானதால் கருவூலத்தின் அச்சம் பெரிதும் தணிந்தது. காவிரி நீரைப் பற்றிச் சென்னை அரசோடும் இணக்கம் வேண்டியிருந்தது. அவ்வாற்றை நம்பித் தஞ்சை வயல்கள் இருந்தனவன்றோ? இயந்திரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே கலந்துவிடும் என்பது இத்திட்டத்துக்குப் பெருந்துணையாயிற்று.

மின்பொறிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், நீர்ச்சக்கரங்களைச் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனமும் அளித்தன. கப்பலிலும் இரயிலிலும் வந்த பாரமான பொறிகளை, இரயில் செல்லாத காட்டுவழியில் வண்டிகளும் யானைகளும் இழுத்துச் சென்றன. நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களில் இறக்கினர். காட்டிலும் மேட்டிலும் கம்பம் நாட்டிக் கம்பி இழுத்தனர்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சேஷாத்திரி ஐயரின் உடல்நலம் குன்றியது. இடைவிடாத உழைப்பு அவரை வருத்தியிருந்தது. 1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் உயிர் துறந்தார். வயது ஐம்பத்தாறு. சிவசமுத்திரத்தில் இயந்திரங்கள் அதுகாறும் சுழலவில்லை.

1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அங்கிருந்து மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. மின்னாக்கிகள் ஆறு, ஒவ்வொன்றும் 720 கிலோவாட், ஆகமொத்தம் 4,320 கிலோவாட். இக்காலத்தில் பெரிய தரவு மையம் ஒன்றுக்கே அதனினும் பன்மடங்கு வேண்டும். ஆயினும், அன்று அம்மின்சாரம் சுரங்கப் பொறிகளை ஓட்டப் போதியதாய் இருந்தது. நீராவிப் பொறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சுரங்கத்தார் மேலும் மின்சாரம் வேண்டினர்; நிலையம் பலமுறை பெருக்கப்பட்டது. கோடைக்காலத்தில் காவிரி மெலிந்து மின்சாரம் குறையும் இடர் மட்டும் நீங்கவில்லை. அதனை நீக்குவதும் ஒரு நோக்கமாகக் கொண்டே, 1911-இல் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர அணை தொடங்கப்பெற்றது.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்காய் எரிந்தது. தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கியது 1932-இல்; அதே காவிரியின் மேட்டூர் நீர் மின்சாரம் தந்தது 1937-இல். கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பெங்களூர்க் கப்பன் பூங்காவில் 1913-ஆம் ஆண்டில் நிறுவிய சேஷாத்திரி ஐயரின் சிலை, தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த கோலத்தில் நிற்கின்றது. மாலையில் அதனைச் சூழ்ந்த பாதைகளிலும் மின்விளக்குகள் ஏற்றப்படுகின்றன.