தியாகராயர் இட்ட சோறு

நண்பகல் உணவென்றதும் 1956ஆம் ஆண்டும் காமராசர் பெயரும் நினைவுக்கு வருகின்றன. அடுத்து 1982ஆம் ஆண்டும் எம்.ஜி.ஆர். பெயரும் வருகின்றன. இருவர்க்கும் உரிய புகழைக் குறைக்க நாம் விழையவில்லை. ஆயினும், 1956க்கு முப்பத்தாறாண்டுகள் முன்னரே, மாகாண அரசு எண்ணியும் பாராத காலத்தில், ஒரு நகர மன்றம் தன் பொறுப்பில் ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளியிலேயே உணவு வழங்கிற்று. அம்மன்றத்தின் தலைவராய் இருந்து அதனைச் செய்வித்தவர் சர் பிட்டி தியாகராயர். கல்விப் பணிக்கென எழுந்த ஒரு சங்கத்தின் மலரில் அவர் வரலாறு இடம்பெறுதல் முறையே. அவரோடு நம் மக்களுக்கு இருந்த கணக்கையும் மறையாது எழுதுதல் அதனினும் முறை.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தேவாங்கர் குலத்து நெசவுக் குடும்பத்தில் தோன்றிய தியாகராயர், மாநிலக் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். நெசவும் வணிகமும் அவருக்குச் செல்வம் ஈட்டித் தந்தன. எந்நேரமும் வெள்ளாடையே உடுத்தமையால் வெள்ளுடை வேந்தர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. 1882இல் சென்னை மாநகராட்சிக்குள் புகுந்தவர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதனை விட்டு நீங்கினாரில்லை. 1919ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திற்குப் பின், அரசு அலுவலர் அல்லாத முதல் தலைவராக அதில் அமர்ந்தார்.

1916இல் டாக்டர் டி.எம். நாயரோடும் நடேச முதலியாரோடும் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியவரும் இவரே. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது ஆளுநர் அமைச்சரவை அமைக்க அழைத்தார். தியாகராயர் அப்பதவியைத் தாம் ஏலாது சுப்பராயலு ரெட்டியாருக்கு வழிவிட்டார். முதலமைச்சர் நாற்காலியை வேண்டாமென்றவர் மாநகராட்சித் தலைமையை விடாது வைத்திருந்தது நமக்குப் பொருளுள்ளதாகவே தோன்றுகிறது. சாக்கடையும் குழாய்நீரும் தெருவிளக்கும் தொடக்கப் பள்ளியும் நகர மன்றத்தின் கையிலன்றோ இருந்தன!

1920 செப்டம்பர் 16ஆம் நாள் மன்றத்தில் அத்தீர்மானம் நிறைவேறிற்று. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்குவது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாது செலவிடுவது என்பதே அதன் சாரம். அப்பள்ளிப் பிள்ளைகள் மிக வறியவர் என்பதும், அவ்வறுமையால் பள்ளியின் எண்ணிக்கை அடிக்கடி குன்றுகிறது என்பதும் தியாகராயர் எடுத்துரைத்த காரணங்கள். ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அவ்வோரணா. அந்நாளில் சொத்தும் வரியும் உடையார்க்கே வாக்குரிமை இருந்தது. அப்பிள்ளைகளின் பெற்றோரிடம் வாக்கு வாங்கி யாரும் வெல்ல வேண்டியிருக்கவில்லை. வராத பிள்ளையைச் சோம்பேறி என்றும், அதன் பெற்றோரை அறிவிலிகள் என்றும் ஏசுவதே வழக்கமாயிருந்த காலத்தில், பசியைப் பள்ளியின் கணக்கில் எழுதிக்கொண்டது ஒரு நகர மன்றம். இதனை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

இனி மறைக்கலாகாத பகுதி. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அதன் விளைவாகப் புளியந்தோப்பில் கலகம் மூண்டது. நம்மவர் குடிசைகள் எரிந்தன. அவ்வேளையில் நீதிக்கட்சித் தலைவர்கள், அவர்களுள் தியாகராயரும், அரசும் அதன் தொழிலாளர் துறையும் ஆதிதிராவிடர்க்குக் காட்டிய சலுகையே கேட்டுக்குக் காரணமெனக் குறை கூறினர். குடிசை இழந்தவர்பால் அவர் மனம் செல்லவில்லை. எம்.சி. ராஜா அக்கட்சியின் போக்கில் நம்பிக்கை இழந்து 1923இல் விலகினார். அவர் விலகியது நேரிதே என்பது நம் கருத்து. பள்ளியில் சோறிட்ட கையும் புளியந்தோப்பில் நீளாத கையும் ஒருவருடையவே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய நாம் ஒருப்படோம்.

உணவுத் திட்டமோ வளர்ந்தது. ஆயிரம் விளக்கோடு வேறு நான்கு பள்ளிகளும் சேர்ந்தன. இப்பள்ளிகளில் 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டாண்டில் இருமடங்கு! புதுக் கட்டடமோ புதுப் பாடநூலோ செய்யாத வேலையை ஓரணாச் சிற்றுண்டி செய்தது.

அவ்வளவில் மேலிடம் குறுக்கிட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாளோடு உணவு நின்றது. பலகையும் சுண்ணக்கட்டியும் கல்விச் செலவாம். பிள்ளையின் வயிற்றில் இடுவது கல்விச் செலவாகாதாம். தணிக்கையாளர் கண்ட இவ்வேறுபாட்டை அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒருபோதும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டிலேயே தியாகராயர் மறைந்தார். அவர் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. ரிப்பன் மாளிகை முன்றிலில் சிலையும் நிற்கின்றது. எனினும் மாநகராட்சி அரசை விடாது வற்புறுத்தி வந்தது. இரண்டாண்டுகள் கழித்து உணவு மீண்டும் வழங்கலாயிற்று. இம்முறை 25 பள்ளிகளில், ஆயிரம் ஏழைப் பிள்ளைகட்கு.