மாக்ஸ் டைலர்

மாக்ஸ் டைலர் (ஜனவரி 30, 1899 – ஆகஸ்ட் 11, 1972) தென்னாப்பிரிக்காவில் பிறந்த தீநுண்மவியல் அறிஞர் ஆவார். மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக்காக இவருக்கு 1951ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாழ்க்கை

இவர் பிரிட்டோரியாவில் பிறந்தார். தந்தை ஆர்னல்டு டைலர் கால்நடை மருத்துவ அறிஞர். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1922 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் 1930 முதல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிலும் பணியாற்றினார்.

ஆய்வு

மஞ்சள் காய்ச்சல் கொசுக்கடியால் பரவும் தீநுண்ம நோயாகும். இதனை ஆய்ந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் (1927), இடேயோ நொகுச்சி (1928) ஆகியோர் இந்நோய்க்கே பலியாயினர். டைலரும் 1929இல் நோயுற்றார். எனினும் பிழைத்து, எதிர்ப்பாற்றல் பெற்றார். 1937இல் இவரும் ஹியூ ஸ்மித்தும் தீநுண்மத்தைக் கோழிக் கருவின் திசுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, வீரியம் குறைந்த 17டி தடுப்பூசியை உருவாக்கினர். இன்றும் இதுவே பயன்படுகிறது. கோழி முட்டையில் தயாரிக்கப்படுவதால், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இந்தியாவும் தடுப்பூசியும்

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் எஜிப்தி கொசு தமிழகத்தில் டெங்குவைப் பரப்பி வருகிறது. நோயுற்ற பயணி ஒருவர் வந்தாலும் தொற்று வேரூன்றக்கூடும். ஆகவே நோயுள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுகின்றனர். அந்நாடுகளுக்குச் செல்வோர் சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தில் தடுப்பூசி பெறலாம். சான்றிதழ் 10 நாட்களுக்குப் பின்னரே செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும்.