அர்-ராஸியும் 184 நூல்களும்

சிறுநீரகக் கல்லுக்கு மருந்தெடுத்த நாட்களில்தான் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸியைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் உண்டாகும் கற்களைப் பற்றி அவர் தனி நூலே எழுதியிருக்கிறார். 1896இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அது அச்சேறியது.

865 அளவில், இன்றைய தெஹ்ரானுக்கு அருகே ரை நகரில் பிறந்தவர். அங்கும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கினார்.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது, பெரியம்மையையும் சின்னமுத்தையும் இருவேறு நோய்களாகப் பிரித்துக் காட்டிய நூல். பெரியம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி ஏன் வருவதில்லை என்பதற்கும் அதில் வழி தேடலாம். இளம் இரத்தம் திராட்சைச் சாறுபோல ஒருதரம் பொங்கிப் புளித்து அடங்குகிறதாம். அடங்கியது பிறகு பொங்காது. விளக்கம் பிழைதான். ஆனால் நோயெதிர்ப்பியல் இன்றும் அந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கிறது.

ஒரு பெருநூலுக்காக 15 வருடங்கள் இரவு பகலாக உழைத்ததில் கண் கெட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 925 அளவில் மரணித்தபோது பார்வை இருக்கவில்லை.

எங்கள் மேடைகளில் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கும். அவருடைய மார்க்கக் கருத்துகள் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவை என்பதை மட்டும் சொல்லமாட்டோம். அல்-பிரூனியும் அவற்றைக் கண்டித்தவர்தான். ஆனாலும் பொறுமையாக உட்கார்ந்து ராஸியின் நூல்களைப் பட்டியலிட்டார்: மொத்தம் 184, அவற்றில் மருத்துவம் 56. அவற்றுள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்தப் பட்டியலிலுள்ள தலைப்பு மட்டும்தான்.