யாஸ்னயா போல்யானாப் பள்ளிக்கூடம்

லியோ டால்ஸ்டாய் பிரபுவை நாவலாசிரியராக உலகம் அறியும். அவர் குடியானவர் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராக அமர்ந்திருந்த வரலாற்றை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

ருஷிய தேசத்தில், தூலா நகருக்கு அணித்தாயுள்ள யாஸ்னயா போல்யானா என்னும் கிராமத்தில் 1828-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயையும், எட்டு வயதில் தந்தையையும் இழந்தார். கஜான் சர்வகலாசாலையிற் பயின்றும் பட்டம் பெறாமலே 1847-இல் வெளியேறினார். பின்னர்ப் பட்டாளத்திற் சேர்ந்து கிரிமியப் போரைக் கண்டு மீண்டார். 1859-இல் தம் கிராமத்துப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அப்பிள்ளைகளின் பெற்றோர் அந்நாளில் நிலத்தோடு பிணிப்புண்ட அடிமைகளாயிருந்தனர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. 1861-இலேதான் அவர்கட்கு விடுதலை கிடைத்தது.

இதற்கிடையே 1860-இல் அவர் மேலைத் தேசங்களுக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். ஜெர்மனியில் அவர் கண்டவை நெட்டுருவும், அடியும், அஞ்சி நடுங்கும் பிள்ளைகளுமே. இவற்றைக் கைக்கொள்ள அவர் மனம் இசையவில்லை.

அவர் பள்ளியில் நாள்தோறும் முப்பது நாற்பது பிள்ளைகள் கூடினர். காலையில் மணி அடிக்கும். பிள்ளைகள் வெறுங்கையோடு வருவர். வீட்டுப் பாடமில்லை. நேரம் கடந்து வந்தோரைக் கடிவாரில்லை. பெஞ்சு, மேசை, ஜன்னற்படி, தரை என்று விரும்பிய இடத்தில் அமர்வர். முதலிற் கூச்சலும் தள்ளுமுள்ளும் இருக்கும். ஒருவன் புத்தகத்தை எடுப்பான், மற்றவர்களும் எடுப்பர், தானே அமைதி பிறக்கும். இருவர் மல்லுக்கு நின்றால் ஆசிரியர் குறுக்கிடார். அவர் பிரித்துவிட்டாற் பகை உள்ளே புகையும், விட்டுவிட்டால் சற்றைக்கெல்லாம் கூடிச் சிரிப்பர். நாம் ஒழுங்கீனமென்று கருதுவது நமக்குப் பழகாத வேறோர் ஒழுங்கே என்பது டால்ஸ்டாயின் துணிபு. பிரபுக்கள் தாம் வளர்ந்த முறையையே குடியானவர் பிள்ளைகள்மீது சுமத்துகின்றனர் என்றும் அவர் குறை கூறினார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். பிள்ளைகளின் வழக்கத்துக்கே விட்டுவிட்டால், அவ்வழக்கம் கொடிதாயின் என் செய்வது? அச்சோதனையும் அவருக்கு நேர்ந்தது. பள்ளிப் பொருள்கள் சில களவு போயின. கள்வர் அகப்பட்டனர். தண்டனையைப் பிள்ளைகளிடமே விட்டார். சிலர் கசையடி வேண்டுமென்றனர். முடிவில், திருடன் என்று எழுதிய சீட்டை உடையில் தைப்பதெனத் தீர்ந்தது. அவ்வாறே செய்தனர். பயனில்லை; அவர்களில் ஒருவன் மீண்டும் திருடினான். மறுபடியும் சீட்டு ஏறியது. அவ்வமயம் டால்ஸ்டாய் அச்சிறுவனின் வெளிறிய முகத்தை நோக்கினார். அதில் திருந்துதல் இல்லை. வேதனையும் வன்மமுமே இருந்தன. உடனே சீட்டைக் கிழித்தெறிந்து, அவனைப் போகவிட்டார். ஊர்ப் பிள்ளைகளின் தீர்ப்பென்று வாளாவிராமல் தம் தவற்றை அவரே எழுதி வெளியிட்டது, அவருடைய புகழ்பெற்ற நாவல்களுக்குக் குறைந்ததன்று என்போம்.

1862-இல் யாஸ்னயா போல்யானா என்ற பெயராலேயே ஒரு பத்திரிகை நடத்தினார். அவ்வாண்டு ஜூலையில் அவர் ஊரிலில்லாதபோது போலீசார் புகுந்து வீட்டையும் பள்ளியையும் சோதித்தனர். குற்றம் யாதும் அகப்படவில்லை. செப்டம்பரில் அவர் விவாகம் செய்துகொண்டார். பள்ளியும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1872-இல் பிள்ளைகளுக்கென அரிச்சுவடி ஒன்று இயற்றி வெளியிட்டார். 1910 நவம்பரில் அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே, காலன்பாக் அளித்த நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அங்கே பயின்ற பிள்ளைகளிற் தமிழரும் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்ஸி என்று பல சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கே வாழ்ந்தனர். அடங்காத ஓர் இளைஞனை அடிகள் ஒருமுறை அளவுகோலால் கையில் அடித்தார். அடித்தபோது அவர் உடல் நடுங்கியது. அதன்பின் அவர் எப்பிள்ளையையும் அடித்திலர்.